பாண்டியராஜ் சார் வீட்டு நெய்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நோயாளிகளின் முகங்கள் எனக்கு மெல்ல மறந்துகொண்டு வருகின்றன. அவர்கள் சாப்பிட்டது மட்டும் மறப்பதில்லை. குளிர்காலத்தில் மதிய வெயில் எங்கள் வீட்டு பால்கனிக்கு வரும்போது நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கண் தானாகச் செருகும். அந்த அரைத் தூக்கத்தில் அவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். வெண்ணெய் வைத்த பராட்டாவைத் தவிர வேறு எதையும் காலை உணவாக ஒப்புக்கொள்ளாத லாரிக்காரர் வருவார். ரஸ்க்கைத் தேநீரில் தோய்த்துத் தின்றே ஒரு குளிர்காலத்தை ஓட்டிய அம்மாள் வருவாள். எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

நீங்கள் மருத்துவமனை உணவுப் பிரிவில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். உணவுத் திட்டம் எழுதுவது, கலோரி கணக்கிடுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல நான் வரவில்லை. உங்களைத் துரத்தப்போகும் ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்ல வந்தேன். லிஃப்டில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்பார்கள். "எந்த எண்ணெய் நல்லது, மேடம்?"

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மக்கள் நெய்யைக் கண்டு பயந்தார்கள். ஓய்வு பெறும் காலத்தில் சூரியகாந்தி எண்ணெயைக் கண்டு பயந்தார்கள். நடுவில் தேங்காய் எண்ணெய் ஒரு முறை வில்லனாகி, பிறகு கதாநாயகனாகத் திரும்பி வந்தது. கடைசி சில வருடங்களில் எல்லோர் கையிலும் ஒரு வீடியோ இருந்தது. விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் எல்லாமே விஷம், சர்க்கரை நோயும் தொப்பையும் மாரடைப்பும் அதனால்தான் வந்தன என்று அதில் ஒருவர் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து சொல்வார். அந்தக் காலத்தில்தான் பாண்டியராஜ் சார் என் அறைக்கு வந்தார். அவர் பெயர் அதுவல்ல. அவரை நினைத்தால் எனக்கு இந்தப் பெயர்தான் வாயில் வருகிறது, அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

டெல்லியில் ஜனவரி முடியப்போகிற ஒரு நாள். வாரக்கணக்கில் மூடியிருந்த பனி அன்று விலகி, மருத்துவமனை முற்றம் முழுக்க வெயில் பாலாடை மாதிரி படிந்திருந்தது. வெளிநோயாளிகள் உள்ளே வர மனமில்லாமல் புல்வெளியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். நானே அரை மயக்கத்தில்தான் இருந்தேன். கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, நிமிர்ந்த நடை. சட்டை மட்டும் வேறு யாருடையதோ போலத் தொளதொளவென்று இருந்தது.

"தமிழா மேடம்?"

"ஆமா சார், நாகர்கோவில். உக்காருங்க."

"நான் விருதுநகர். மேடம், நான் டயட்டு கேக்க வரலை. டாக்டர் கோவிச்சுக்கிட்டு உங்ககிட்ட போங்கன்னு அனுப்பிட்டாரு. சரி, உங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

விஷயத்தை அவர் அழகாகச் சொன்னார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. கேன்டீனில் தினமும் பிரெட் பகோடா, சமோசா, இனிப்பான தேநீர். சர்க்கரை எல்லையில் நின்றது, தொப்பை விழுந்தது, மதியம் ஆனால் மேசையிலேயே தூங்கிப்போவார். ஓய்வுக்குப் பிறகு அந்த வீடியோக்களைப் பார்த்தார். ஒரே நாளில் வீட்டிலிருந்த சூரியகாந்தி எண்ணெய் கேனைத் தூக்கி எறிந்தார். கடை பிஸ்கட், மிக்சர், பொரித்தது எல்லாவற்றையும் நிறுத்தினார். இப்போது வீட்டில் நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

"எடை குறைஞ்சிருச்சு. சர்க்கரை இறங்கிருச்சு. காலையில மந்திர் மார்க் பக்கமா மேட்டுக் காட்டுக்குள்ள நடக்கப் போறேன். மூச்சு வாங்கலை. மயில் கத்துறது கேக்குது மேடம். இத்தனை வருஷமா அதே வழியில போயிருக்கேன், ஒரு நாளும் கேட்டதில்லை."

அதைச் சொல்லும்போது அவர் முகம் என் ஜன்னல் வெயிலைவிட வெளிச்சமாக இருந்தது. நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அவர் சொன்னது எல்லாம் உண்மை. சர்க்கரை குறைந்திருந்தது. ரத்தத்தில் மிதக்கும் ட்ரைகிளிசரைடு கொழுப்பும் குறைந்திருந்தது. ஆனால் எல்டிஎல் என்று நாம் சொல்லும், இதயக் குழாய்ச் சுவரில் போய்ப் படிகிற அந்தக் கெட்ட கொழுப்பு, பார்த்தவுடன் என் தூக்கம் கலைகிற அளவுக்கு ஏறியிருந்தது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் அவர் நிறுத்தியிருந்தார். அப்பா மாரடைப்பில் சின்ன வயதிலேயே இறந்தவர். தம்பியும் அப்படியே.

நமது தொழிலில் இந்த இடம் வழுக்கும். எதிரில் இருப்பவர் பாதி சரி, பாதி தவறு. அவரைத் தேற்றியது எண்ணெயை மாற்றியதுதான் என்று அவர் நம்புகிறார். உண்மையில் அவர் விட்டது அந்த எண்ணெயில் மிதந்துகொண்டிருந்த மைதாவையும், காலையிலிருந்து மாலை வரை கொதித்த கேன்டீன் வாணலியையும், தேநீரில் கரைந்த சர்க்கரையையும். அந்த லாபத்தை நெய் தன் பெயரில் எழுதிக்கொண்டது. இதை அவரிடம் சொன்னேன். முதலில் அவர் செய்தவற்றில் எதெல்லாம் நல்லது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னேன். நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு பலருக்கு எல்டிஎல்லை ஏற்றும், அந்த இடத்தில் கடலை எண்ணெயோ கடுகு எண்ணெயோ சூரியகாந்தியோ வந்தால் பொதுவாக இறங்கும், விதை எண்ணெய் விஷம் என்பதற்கு நாங்கள் நம்பக்கூடிய ஆதாரம் இல்லை, எதுவானாலும் அளவு முக்கியம் என்றும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்தார்.

"உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க மேடம். உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா என் தம்பியை அந்த எண்ணெய்தான் கொன்னுச்சு. என் கையாலயே ஊத்திக் குடுத்தேன்."

அவர் வெளியே போனதும் அவருடைய மகள் உள்ளே வந்தாள். பிரியா, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், அப்பாவை இந்திக்காரர்கள் மாதிரி 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள். கண் கலங்கியிருந்தது. "ஆன்ட்டி, பாப்பா யாரு சொன்னாலும் சுன்தே ஹி நஹி, கேக்கவே மாட்டாங்க. டாக்டர் திட்டினாரு, அம்மா அழுதாங்க, குச் நஹி ஹுவா, ஒண்ணும் நடக்கலை. நீங்க கொஞ்சம் பயம் காட்டுங்க. ப்ளீஸ். அட்டாக் வரும்னு சொல்லுங்க."

டாக்டரும் அதைத்தான் எதிர்பார்த்தார். போனில் கூப்பிட்டு, அந்த மனிதரைக் கொஞ்சம் உலுக்கி விடுங்கள் என்றார். பயம் காட்டுவது எளிது. அவருடைய அப்பாவும் தம்பியும் இறந்த வயதுகளை எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். ஆனால் அவர் பயந்தவராக எனக்குத் தெரியவில்லை. வேறு எதையோ சுமக்கிறவராகத் தெரிந்தார். அது என்னவென்று தெரியாமல் அவரை உலுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பிரியாவிடம், "அப்பாவைத் திரும்பக் கூட்டிட்டு வா, பேசலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வரவில்லை. பதிலுக்கு அழைப்பு வந்தது. பிரியா போன் செய்தாள். "பாப்பா சொல்றாங்க, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாராம். நீங்க எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பாக்கணுமாம்."

நோயாளி வீட்டில் போய்ச் சாப்பிடுவது நம் வழக்கத்தில் இல்லை. எங்கள் பிரிவில் அதை யாரும் மெச்சவும் மாட்டார்கள். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து அப்படியே போனேன். புசா ரோட்டுக்குப் பின்னால் மூன்றாவது மாடி வீடு. அவருடைய மனைவி விஜயா டீச்சர் அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும் நெய் உருகும் வாசனை படிக்கட்டு வரை வந்து என்னை அழைத்துப் போனது.

சமையல் பாண்டியராஜ் சாருடையது. தோசைக் கல்லின் முன்னால் அவர் நின்ற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாவை ஊற்றி, வட்டமாக இழுத்து, ஓரத்தில் நெய்யை விட்டார். அது சலசலத்து நுரைத்து, விளிம்பு பொன்னிறமாகி எழும்பும் வரை வேறு உலகத்தில் இருந்தார். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் ஆவி மேலே போவது கூடத் தெரிந்தது. என் தட்டில் தோசை விழுந்தது. பக்கத்தில் மிளகாய்ப் பொடி. அதன் நடுவில் குழி பறித்து, அவர் ஒரு பாட்டிலிலிருந்து எண்ணெய் ஊற்றினார்.

"இது மட்டும் ஊர்ல இருந்து வருது. செக்கு நல்லெண்ணெய். கம்பெனிக்காரன் விதை எண்ணெய் எதுவும் இந்த வீட்டுக்குள்ள கிடையாது."

என் நாக்கின் நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. எள் விதை இல்லாமல் வேறு என்ன? எதிரில் பிரியாவும் வாயைத் திறந்தாள், அவளுக்கும் அதே வாக்கியம்தான். நான் மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தோசையைப் பிய்த்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் நான் ஜெயித்திருப்பேன். மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் அவர் தோற்றிருப்பார். தோற்றவர் என்ன செய்வார்? நான் போனதும் அந்த நல்லெண்ணெயையும் குப்பையில் போட்டுவிட்டு, பொடிக்கும் நெய் ஊற்றுவார். அந்த வீட்டு உணவில் மிச்சமிருந்த நல்ல கொழுப்பும் போய்விடும். வாதத்தில் நம் பக்கம் விழும் புள்ளியால் நோயாளியின் ரத்தத்தில் ஒன்றும் இறங்குவதில்லை.

சாப்பிட்ட பிறகு விஜயா டீச்சர் என்னைப் பால்கனிக்கு அழைத்துப் போனார். கொடியில் போர்வைகள் காய்ந்தன. கீழே ரஜாய் என்கிற குளிர்காலப் போர்வைக்குப் பஞ்சு அடிப்பவன் அடித்துக்கொண்டிருந்தான், வில்லின் நாண் டொய்ங் டொய்ங் என்று கேட்டது. டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"இவுக முன்னாடி எல்லாம் அடுப்படிப் பக்கமே வர மாட்டாக. தம்பி முத்துவுக்கு மொதல் தடவை நெஞ்சு வலி வந்தப்போதான் ஆரம்பிச்சாக. அப்ப நாங்க எல்லாம் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்ல ஒண்ணா இருந்தோம். தம்பி, அவர் சம்சாரம், நாங்க. டாக்டர் சொன்னதை இவுக வேதவாக்கா எடுத்துக்கிட்டாக. இதயப் படம் போட்ட எண்ணெய் வாங்கி, அளந்து அளந்து ஊத்துவாக. தேங்கா கிடையாது, நெய் கிடையாது. தம்பிக்குப் பருப்பு சாதத்துல நெய் இல்லைன்னா இறங்காது. ஒரு வார்த்தை சொல்லலை. பேசாம சாப்பிடுவாரு."

கொடியில் நழுவிய போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"கடைசிப் பொங்கல் அன்னிக்கு மட்டும் கேட்டாரு. அண்ணே, இன்னிக்கு ஒரு கரண்டி விடுண்ணேன்னு. இவுக முடியாதுன்னுட்டாக. உன் நல்லதுக்குத்தான்டான்னு. அந்த மாசமே தம்பி போயிட்டாரு. இப்ப விடியக்காலையில இவுக கனவுல தம்பி வந்து தட்டை நீட்டுறாராம். எதுவும் பேசுறதில்லையாம். தட்டை மட்டும் நீட்டுறாராம். இவுக எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பத்த வச்சிருவாக."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டில் ஊற்றப்படும் நெய் எல்லாம் முத்துவின் தட்டில் விழுகிறது. எண்ணெய் விஷம் என்று சொன்ன வீடியோ இவருக்குத் தந்தது ஒரு குற்றவாளியை. தன்னிடம் பொய் சொல்லிவிட்டார்கள் என்று ஆகிவிட்டால், தம்பிக்கு நெய் மறுத்த கை தன்னுடையதாக இருந்தாலும் பழி வேறு எங்கோ போய்விடும். நான் ரத்தப் பரிசோதனையைக் காட்டி அந்தக் குற்றவாளியை விடுதலை செய்யச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தபோது அவர் தோசைக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை.

"சார், டீச்சர் முத்து சாரைப் பத்திச் சொன்னாங்க."

துணி நின்றது. அவர் திரும்பவில்லை.

"நான் கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லுங்க மேடம். அன்னிக்கு நான் அவனுக்கு ஒரு கரண்டி நெய் ஊத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் கனமானது. நீங்கள் செய்தது சரிதான் சார், நெய் ஆபத்து என்று சொன்னால் அவர் தேறுவார். என் வேலையும் சுலபமாகும், இன்றைக்கே நெய்யைக் குறைத்துவிடுவார். ஆனால் அது உண்மை இல்லை. ஒரு நாள், ஒரு கரண்டி நெய் யாரையும் கொல்வதில்லை, யாரையும் காப்பாற்றுவதும் இல்லை. வருடக்கணக்கில் தினமும் என்ன விழுகிறது என்பதுதான் குழாய்களுக்குத் தெரியும்.

"ஒண்ணும் ஆகியிருக்காது சார்."

"அப்ப ஊத்தியிருக்கலாம்."

"ஊத்தியிருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். துணியை மடித்து அடுப்பு மேடையில் வைத்தார். பிறகு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். பிரியாவின் முகத்தில் நான் ஏதோ உடைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தது. படிக்கட்டில் இறங்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிப்ரவரி போனது. மருத்துவமனைச் சாலையில் இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்தன. கனமான பூக்கள் பொத்தென்று நடைபாதையில் விழும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் நினைவு வந்தது. பிரியா ஒரு முறை போன் செய்தாள். "பாப்பா சமைக்கிறதையே விட்டுட்டாங்க ஆன்ட்டி. நடக்கவும் போகலை. எப்பப் பார்த்தாலும் ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்காங்க." நான் டாக்டரிடம் சொன்னேன். பாண்டியராஜ் சார் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாமா என்று யோசித்தேன். டீச்சரிடம் கேட்டதற்கு, "கொஞ்சம் விடுங்க மேடம். இவுக அழுதாக. தம்பி செத்தப்போகூட அழலை" என்றார். விட்டேன். விடுவதும் ஒரு முடிவுதான்.

அதன் பிறகு டீச்சரிடமிருந்து ஒரு செய்தி. சார் விருதுநகருக்கு ரயிலேறிவிட்டார். தம்பி மனைவி கலா அங்கே மகனோடு இருக்கிறார், அவரைப் பார்க்கப் போயிருக்கிறார்.

ஏப்ரலில், வேப்பம்பூ வாசனை வார்டுக்குள் வரத் தொடங்கிய நாட்களில், என் கதவு தட்டப்பட்டது. அதே தொளதொளத்த சட்டை. ஆனால் முகத்தில் வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. அமைதியானது.

"கலாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன் மேடம். பொங்கலுக்கு நெய் கேட்டான், நான் ஊத்தலை, என்னை மன்னிச்சுரும்மான்னு சொன்னேன். அந்தப் பிள்ளை என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சிருச்சு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சுச்சு மேடம். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுச்சு. அத்தான், அவுக தெனமும் ஆபீஸ் விட்டு வரும்போது கோல் மார்க்கெட் ஹல்வாய் கடையில நெய் ஜிலேபி சாப்பிட்டுத்தான் வீட்டுக்கு வருவாக, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாகங்குது. தெரிஞ்சா அண்ணன் மனசு கஷ்டப்படும், எனக்காக அளந்து அளந்து சமைக்கிறாருன்னு சொல்வானாம்."

வெளியே கிளிகள் கூட்டமாகப் பறந்தன. பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தபோது அது அழுகையானது, மறுபடி சிரிப்பானது. நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

குடித்துவிட்டுக் கேட்டார். "அப்ப அந்த எண்ணெய் அவனைக் கொல்லலைன்னு ஆயிருச்சா?"

"தெரியாது சார். எண்ணெய் மேலயும் சொல்ல முடியாது, ஜிலேபி மேலயும் சொல்ல முடியாது. அவர் என்ன சாப்பிட்டார்னே நமக்குத் தெரியலையே. உங்க குடும்பத்துல ரத்தத்துலயே அந்தக் கொழுப்பு ஏறுற வாகு இருக்கு. அப்பாவுக்கும் வந்திருக்கு. ஒரு மனுஷனோட தட்டைப் பார்த்து எந்த எண்ணெய்க்கும் தீர்ப்பு எழுத முடியாது."

நீங்களும் இதை மனதில் வையுங்கள். ஒருவர் நெய்யால் நன்றாக இருக்கிறேன் என்பார், இன்னொருவர் எண்ணெயால் செத்தார் என்பார். இரண்டும் தனி மனிதர்களின் கதை. பலரை நெடுநாள் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் நாம் ஆலோசனை சொல்கிறோம், அதிலும் இன்னும் முழுதாகத் தெரியாதவை இருக்கின்றன. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கொண்டுவந்த கதையைத் தள்ளிவிட்டு அதைச் சொல்லாதீர்கள். அந்தக் கதைதான் அவர் கையைப் பிடித்து நெய்க் கரண்டியை எடுக்க வைக்கிறது.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேடம், ரயில்ல வரும்போது எதிர் சீட்டுல ஒரு குடும்பம் எள்ளுருண்டை தின்னுச்சு. பாத்துக்கிட்டே வந்தேன். எள்ளும் விதைதானே?"

"ஆமா சார்."

"நல்லெண்ணெய்?"

"விதை எண்ணெய்தான்."

"அன்னிக்கு எங்க வீட்டுல தெரியும்தானே உங்களுக்கு? ஏன் சொல்லலை?"

"தோசை நல்லா இருந்துச்சு சார்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரிப்போர்ட் வைத்திருந்த பையை மேசைமேல் வைத்தார். "சரி, சொல்லுங்க. என்ன செய்யணும்?"

அன்று நாங்கள் அதிகம் பேசவில்லை. அவர் விட்டவை எல்லாம் விட்டபடியே இருக்கட்டும் என்றேன். காலை நடையைத் திரும்பத் தொடங்கச் சொன்னேன். நெய் வாசனைக்கு மட்டும், சமையலுக்குக் கடலை எண்ணெயும் கடுகு எண்ணெயும், பொடிக்கு ஊரிலிருந்து வரும் நல்லெண்ணெய், எல்லாமே அளவோடு. சூரியகாந்தியை அவர் வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது இல்லாமலும் நடக்கும் என்னும்போது எதற்கு? டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். மாத்திரையை மறுபடி தொடங்கினார். டாக்டர் இந்த முறை குரலை உயர்த்தவில்லை. கிளம்பும்போது பாண்டியராஜ் சார் அவரிடம், "டாக்டர் ஸாப், மாஃப் கீஜியேகா" என்று மன்னிப்புக் கேட்டார். அந்த இளைஞர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

மழைக்காலம் வந்து மறுபடி ரத்தம் எடுத்தபோது, கெட்ட கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. சர்க்கரை ஏறவில்லை. எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு எண்ணெயால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இதயத்தின் ரத்தக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்ததில் சின்னதாக ஓர் அடைப்பு தொடங்கியிருந்தது. அதைக் கவனித்து வருகிறார்கள். அதை அவரிடம் சொன்னபோது, "இப்பவாவது பாத்தோமே" என்றார். கனவு இன்னும் வருகிறதா என்று நான் கேட்கவில்லை. டீச்சரே ஒரு நாள் சொன்னார், இவர் இப்போது விடிந்த பிறகுதான் எழுந்திருக்கிறாராம்.

அந்த ரிப்போர்ட் வாங்கிய நாளில் வெளியே தூறிக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக, ஈரமாக, எல்லாச் சுவரிலும் ஒட்டியிருந்தது. அவர் கிளம்பாமல் என் கதவருகே நின்றார்.

"மேடம், டயட்டீசியனா உங்ககிட்ட ஒரு பெர்மிஷன் கேக்கணும்."

"என்ன சார்?"

"அந்தக் கடைக்கு ஒரு தடவை போகணும். தனியாப் போக முடியலை. ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

குடையை எடுத்துக்கொண்டேன். கோல் மார்க்கெட்டின் வளைந்த நடைபாதையில், தூண்களுக்கு நடுவே அந்தக் கடை இருந்தது. பெரிய தட்டையான வாணலியில் நெய் நுரைத்துக்கொண்டிருந்தது. துணிப் பையைப் பிழிந்து மாவைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். "கித்னா, பாபுஜி?"

"பஸ், தோ பீஸ் பையா."

இலைத் தொன்னையில் இரண்டு ஜிலேபி. ஆவி பறந்தது. ஒன்றை எனக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் வேலைக்காலம் முழுவதும் நான் வேண்டாம் என்று சொன்ன பண்டங்களின் வரிசையில் அது முதலில் இருக்கும், ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அவர் தூணில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, சிறு பிள்ளை மாதிரி ஓரத்திலிருந்து கடித்தார். பாகு விரலில் வழிந்தது. ஆபீஸ் விட்ட கூட்டம் குடைகளோடு எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. கடைசித் துண்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"நல்லாத்தான் சாப்பிட்டிருக்கான்" என்றார்.